நூற்றைம்பது பவுண்டு காற்று

நெஸ்டர் பிதோர்னி சாஸ்கட்டூனில் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி அடித்த காலைகளில்கூட அவருடைய பஸ் ஏழு நாற்பதுக்கு முதல் பிள்ளையின் வாசலில் நிற்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனை எங்கள் வளைவுத் தெருவில் யாரும் பஸ்காரராக நினைத்ததில்லை. இங்கே அவர் காற்றடிக்கிறவர், அவ்வளவுதான்.

அக்டோபர் பிறந்து, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழி அடுப்புக்குப் போவதற்குள், புல்தரைக்கு அடியில் ஓடுகிற, புல்லுக்கு நீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் குழாய்களில் தங்கிய தண்ணீரைக் காற்றடித்து வெளியே தள்ளிவிட வேண்டும். விட்டால் உறைந்து, உப்பி, குழாயைப் பிளந்துவிட்டுத்தான் ஓயும். பெரிய கம்ப்ரஸரை வண்டியில் இழுத்துக்கொண்டு வந்து இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. கூப்பிட்டால் இருபத்தெட்டாம் தேதிக்கு மேல் பார்க்கலாம் என்பார்கள். குளிர் அதுவரைக்கும் நல்ல பிள்ளையாக வாசலில் காத்துக்கொண்டிருக்குமா என்ன? அதனால்தான் தெருவில் அவர் வீட்டையும் சேர்த்து ஒன்பது வீட்டுக்கு நெஸ்டர். கூலி கிடையாது. யாராவது ஒரு டப்பா நிறைய முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோற்றைக் கொடுத்தனுப்புவார்கள், அது போதும் அவருக்கு.

அவருடைய கம்ப்ரஸர் சிவப்பு, இரண்டு சக்கரம், கன்றுக்குட்டி உயரம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தள்ளுபடியில் வாங்கியது. வாங்கும்போது அவர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: தொட்டியில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த 150. நூற்றைம்பது பவுண்டு அழுத்தம்! பக்கத்தில் நின்ற 125-ஐ ஏளனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. அதை அவர் படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள்?

வேலை நடக்கிற விதம் இதுதான். காற்றடிப்பவர் வெளியே புல்தரையில் நிற்பார், வீட்டுக்காரர் நிலவறையில் வால்வுக்குப் பக்கத்தில். உள்ளேயிருந்து ஒவ்வொரு வரிசையாகத் திறந்துவிட, புல்லுக்குள்ளிருந்து ஸ்பிரிங்க்ளர் தலைகள் எழும்பும். முதலில் தண்ணீர், பிறகு துப்பல், பிறகு புகை மாதிரித் தூவல், கடைசியில் வெறும் காற்று. அப்போது வெளியே நிற்பவர் “காஞ்சாச்சு!” என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர் மூடிவிடுவார். மேலே ஏறி வந்து எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பார்த்தால் காற்றடித்தவரின் மூஞ்சியில் அடித்த மாதிரி.

பக்கத்து வீடு ஹார்லன் ஃப்ரீசனுடையது. தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஸ்டரும் அவரும் இருபத்திரண்டு குளிர்காலமாக, வியாழக்கிழமைதோறும், பனியில் கல்லை வழுக்கிவிடுகிற கர்லிங் ஆட்டத்தில் ஒரே அணி. பனித்தரையின் மறுகோடியில் நின்று தொண்டை கிழியக் கத்துவது அணித்தலைவர் ஹார்லனின் வேலை. வழுக்கிக்கொண்டு வரும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவது நெஸ்டரின் வேலை. அந்த ஆட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. ஓடுகிற கல்லில் துடைப்பம் உரசிவிட்டால் அந்தக் கல் செல்லாது. ஆனால் அதைச் சொல்ல நடுவர் என்று யாரும் கிடையாது. உரசினவன்தான் கையைத் தூக்கி, “கல்லுல பட்டுடுச்சு” என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனாலும் சொல்வார்கள்.

நெஸ்டர் இதுவரை ஏழு தடவை சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று ஒரு இறுதி ஆட்டத்தின் கடைசிக் கல். கோப்பை கையை விட்டுப் போயிற்று. “பாழாப்போன உன் யோக்கியதைய எங்க கொண்டுபோய் வைக்கிறதுய்யா!” என்று ஹார்லன் அத்தனை பேர் முன்னால் திட்டினார். திட்டிவிட்டு அவர்தான் பீரும் வாங்கிக் கொடுத்தார்.

போன அக்டோபரில், ஹார்லன் வீட்டு நாலாவது வரிசை. அது வீட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளமான பக்கம் போகிற நீளக் குழாய். சிவப்புக் கம்ப்ரஸர் அரை நிமிஷம் ஊதும், தொட்டி காலியாகிவிடும். மறுபடி நிரம்ப மூன்று நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதி தூரம் வந்த தண்ணீர் பள்ளத்துக்கே திரும்பிப் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஐந்து தடவை ஊதியும் தலைகள் துப்பிக்கொண்டேதான் இருந்தன. நெஸ்டர் என்ன செய்தார்? அழுத்தத்தை இன்னும் திருகி ஏற்றினார். கம்ப்ரஸர் தோசைக்கல்லாகக் கொதித்ததுதான் மிச்சம். மணி நாலே கால், ஐந்து மணிக்கு ஆட்டம். நிலவறை ஜன்னலிலிருந்து ஹார்லன், “என்னய்யா, ஆச்சா?” என்று கேட்டார்.

நெஸ்டர் துப்பிக்கொண்டிருந்த தலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “காஞ்சாச்சு!” என்றார்.

இதை அவர் தன் மனைவி அடெலினிடம்கூடச் சொன்னதில்லை.

மே மாத நீண்ட விடுமுறையில் ஹார்லன் ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மனைவி லியோனாவோடு ஏரிக்குப் போய்விட்டார். சுவருக்குள் போகிற பித்தளை இணைப்பு குளிரிலேயே வெடித்துக் கிடந்தது யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை வந்து பார்த்தால் நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர். லியோனா சர்ச்சின் நிவாரண ஏலத்துக்காக இரண்டு வருஷமாகக் கையால் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுத்துணிப் போர்வை அட்டைப் பெட்டியோடு ஊறி, சிவப்புச் சாயமெல்லாம் வெள்ளையில் இறங்கியிருந்தது. லியோனா அதைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தாலாவது நெஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“காஞ்சாச்சுன்னு சொன்னியேய்யா?” என்று ஹார்லன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

“பித்தளை பழசு. பழசு விரியாம என்ன பண்ணும்?” என்றார் நெஸ்டர். வாய்க்கு வந்தது அதுதான்.

“இருபத்தொம்பது வருஷம் காத்து பிரேக்கு பஸ் ஓட்டினவனுக்குக் காத்து எது தண்ணி எதுன்னு தெரியல. நல்லாயிருக்குய்யா. குளிர்கால ஆட்டத்துல துடைக்க நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அன்றோடு பேச்சு நின்றது. ஹார்லன் வேலிப் பக்கம் வந்தால் நெஸ்டர் கராஜுக்குள் போய்விடுவார். ஆகஸ்டில் ஹார்லன் புதிதாக ஒரு நீலக் கம்ப்ரஸர் வாங்கி, 175 என்ற எண் நெஸ்டர் வீட்டைப் பார்க்கும்படி கராஜ் வாசலில் நிறுத்தினார். மீதி ஏழு வீட்டுக்காரர்களும் அதே மாதம் கூட்டாகச் சேர்ந்து பெரிய கம்ப்ரஸர் வண்டிக்காரரிடம் நாள் வாங்கிவிட்டார்கள். நெஸ்டரிடம் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஹார்லன் இல்லாமல் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அந்த முரட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு குளிர்காலத்தை எப்படித் தள்ளுவது?

இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை. ராத்திரி மைனஸ் ஒன்பது என்று ரேடியோ சொன்னது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டே அடெலின் பிடித்துக்கொண்டார்.

“நம்ம குழாயாவது உருப்படியா இருக்கட்டும். போய் நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா. அந்தச் செவப்புச் சனியனக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன வருஷம் அழப்போற?”

ஹார்டுவேர் கடையில் கருவிகள் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் ஷானா டெஜார்லே. நாற்பது வயது இருக்கும், முன்னே வெல்டராக இருந்தவர், நாக்கு கொஞ்சம் நீளம். நெஸ்டர் நேராகப் போய், “இருநூறு பவுண்டுல ஒண்ணு குடும்மா” என்றார்.

“இருநூறா? எதுக்கு சார், ராக்கெட் விடவா?”

“ஸ்பிரிங்க்ளர் குழாய் ஊதத்தான்.”

“அதுக்கு அம்பது பவுண்டு போதும். மேல போனா குழாய்தான் கிழியும். நீங்க பாக்க வேண்டியது இந்த எண் இல்ல, கீழ இருக்கு பாருங்க, குட்டியா. நிமிஷத்துக்கு எவ்ளோ காத்து வருதுன்னு.”

நெஸ்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். தன்னுடைய கம்ப்ரஸரைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார். ஷானா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“உங்களோடது அஞ்சு கன அடி. உங்க வீட்டு அளவுக்குப் பத்தாச்சும் வேணும். காத்து கம்மியா இருந்தா என்ன ஆகும் தெரியுமா? எவ்ளோ பலமா ஊதினாலும் தண்ணிக்கு மேல சந்து பண்ணிக்கிட்டு காத்து மட்டும் வெளிய ஓடிடும். தண்ணி உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கும்.”

நெஸ்டருக்குச் சுரீர் என்றது. அவருடைய முதல் பஸ் ஞாபகம் வந்தது. ஒரு தெருவில் நாலு தடவை பிரேக் பிடித்தால் காற்றழுத்த முள் கீழே இறங்கிவிடும். மறுபடி காற்று ஏறும்வரை பிள்ளைகள் கத்தக் கத்த நிற்க வேண்டும். தினம் பார்த்த விஷயம். தெரியாமல் இல்லை, யோசிக்கவில்லை. அட கடவுளே, ஹார்லன் சொன்னது சரிதானா?

பத்து கன அடி தருகிற கம்ப்ரஸர்களை ஷானா ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றுக்கு மின்சார அடுப்புக்குப் போடுகிற மாதிரித் தடித்த கரண்ட் லைன் வேண்டும், நெஸ்டரின் கராஜில் அது இல்லை. இன்னொன்று பெட்ரோலில் ஓடுவது, தூக்க இரண்டு ஆள், விலை ஆயிரத்து இருநூறு டாலர். வருஷத்தில் ஒரு நாள் ஊதுவதற்கு இதை எந்த மடையன் வாங்குவான்? வாடகைக்கு இருந்ததெல்லாம் வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

“ஒண்ணு பண்ணுங்க” என்றார் ஷானா. “உங்களோடதையே இன்னொரு அஞ்சோட சேத்து மாட்டுங்க. ஒய் எழுத்து மாதிரி ஒரு பித்தளை இணைப்பு இருக்கு. ரெண்டு நூத்தம்பது சேந்தா முந்நூறுன்னு நெனச்சுக்காதீங்க, அழுத்தம் கூடாது. காத்துதான் ரெட்டிப்பாகும். ரெண்டையும் ஒரே லைன்ல சொருகக் கூடாது, டிரிப் ஆயிடும். கரண்ட் ஒயர நீட்டக் கூடாது, மோட்டார் செத்துடும். காத்து ஹோஸ எவ்ளோ வேணா நீட்டுங்க.”

“சரி, இன்னொரு அஞ்சு குடு.”

“கடைசி ஒண்ணு ஆகஸ்ட் சேல்ல போச்சே. நீலக் கலரு. நூத்தி எழுபத்தஞ்சுன்னு பெருசா ஒட்டியிருந்தோம். ஒரு பெரியவரு அத மட்டும் பாத்துட்டு, சின்ன எழுத்தத் திரும்பிக்கூடப் பாக்காமத் தூக்கிட்டுப் போனாரு.”

“அது எத்தன கன அடி?”

“அஞ்சே கால்.”

நெஸ்டர் பித்தளை இணைப்பை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி நாலு. பக்கத்து வீட்டில் ஹார்லன் நீலக் கம்ப்ரஸரை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நிலவறையில் இந்தத் தடவை லியோனா. நாலாவது வரிசைதான் ஓடிக்கொண்டிருந்தது. நெஸ்டருக்கு அந்தத் தலைகளை நன்றாகத் தெரியும். அரை நிமிஷம் ஊதுகிறது, நிற்கிறது. மூன்று நிமிஷம் கழித்து மறுபடி ஊதுகிறது. கடைசித் தலை துப்பிக்கொண்டேயிருந்தது, போன வருஷம் போலவே.

நெஸ்டர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரு கெட்ட எண்ணம் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது. பேசாமல் இரு. இந்த வருஷமும் அது வெடிக்கட்டும். ஹார்லன் கையாலேயே வெடித்தால் பழி பித்தளைமேல் போய்விடும். நீ சொன்னதுதான் சரி என்று தெருவே சொல்லும், ஏன், ஹார்லனே சொல்வார். வியாழக்கிழமைகள் திரும்பி வந்துவிடும். நெஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த எண்ணத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிஷம் இருக்கும். நல்ல மனுஷர்தான், ஆனாலும் நான்கு நிமிஷம்.

அப்போது நிலவறை ஜன்னலிலிருந்து லியோனாவின் குரல் வந்தது. “ஆச்சா ஹார்லன்? முட்டி வலிக்குது எனக்கு!”

ஹார்லன் துப்பிக்கொண்டிருந்த தலையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

நெஸ்டர் வண்டிக் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். “யோவ்! அது காயல!”

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். “வாங்க வாங்க, பித்தளை நிபுணரே. உங்கள யாரு கூப்புட்டா?”

“அழுத்தம் இல்லய்யா விஷயம், காத்து பத்தல. உன்னோடது அஞ்சே கால், என்னோடது அஞ்சு. ரெண்டும் தனியா நின்னா உதவாது.”

“ஓஹோ, பித்தளைய விட்டுட்டு இப்பக் காத்தப் புடிச்சுக்கிட்டியா? அடுத்த மே மாசம் யாரு மேல போடுவ, நிலா மேலயா? போய் உன் வேலையப் பாருய்யா.”

நெஸ்டர் போகவில்லை. வேலியோரம் வந்து நின்று வலது கையை மேலே தூக்கினார். பஸ் ஓட்டிய காலத்துக் கையுறையோடு, பனித்தரையில் தூக்குகிற மாதிரியே, நேராக.

“கல்லுல பட்டுடுச்சு, ஹார்லன்.”

“என்னது?”

“போன வருஷம், இதே வரிசை. துப்பிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் காஞ்சாச்சுன்னு சொன்னேன். ஆட்டத்துக்கு நேரமாச்சேன்னு. பித்தளையில ஒண்ணுமில்ல, அது நல்ல பித்தளை.”

ஹார்லன் குனிந்து கம்ப்ரஸரை நிறுத்தினார்.

“ஒரு வருஷமாவா இத உள்ள வச்சுக்கிட்டிருந்த?”

“ஆமா.”

“உன்ன நான் திட்டினது உனக்குக் காத்தப் பத்தித் தெரியலன்னுதான்யா. நீ பொய் சொல்லுவன்னு எனக்குத் தோணவே இல்ல.” ஹார்லனின் முகம் சிவந்திருந்தது. அந்த வார்த்தை எல்லாத் திட்டையும்விட மோசமாக நெஸ்டருக்குள் இறங்கியது. கையை இன்னும் கீழே போடவில்லை அவர்.

நிலவறை ஜன்னலிலிருந்து மறுபடி குரல் வந்தது. “நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், நெஸ்டர்.”

“மன்னிச்சுக்கோ லியோனா. அந்தப் போர்வை...”

“அதப் பத்தி நான் உங்கிட்டத் தனியா நெறையப் பேச வேண்டியிருக்கு. இப்ப ரெண்டு பேருமா சேந்து என் குழாயக் காய வைங்க. ராத்திரி மைனஸ் ஒம்போது.”

ஹார்லன் மூக்கை உறிஞ்சினார். சிரிக்கவில்லை. “ஏதோ ரெண்டும் தனியா உதவாதுன்னியே. என்ன பண்ணணும்?”

நெஸ்டர் பையிலிருந்து ஒய் இணைப்பை எடுத்து வேலிக்கு மேல் நீட்டினார். ஹார்லன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டையும் ஒரே லைன்ல சொருகக் கூடாதாம்” என்றார், சிவப்புக் கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு வந்த நெஸ்டர்.

“யாரு சொன்னா? என் கராஜ் லைன் எதையும் தாங்கும்” என்று ஹார்லன் இரண்டையும் அங்கேயே சொருகினார். டப் என்று ஒரு சத்தம். கராஜ் இருண்டது, நிலவறையும் இருண்டது, லியோனா கத்தினார். ஹார்லன் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்தார். சிவப்புக் கம்ப்ரஸர் தன் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று. நெஸ்டர் வீட்டுக் கரண்டில் அது ஓட, ஹோஸ் மட்டும் வேலியைத் தாண்டி வந்து நீலத்தோடு சேர்ந்தது. அழுத்தத்தை நெஸ்டர் ஐம்பதில் வைத்தார்.

“அம்பதா? நூத்தி எழுபத்தஞ்சுக்குக் காசு குடுத்திருக்கேன்யா நான்!”

“நானுந்தான் ஏமாந்தேன். சும்மா இரு.”

லியோனா நாலாவது வரிசையைத் திறந்தார். தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. முதல் தடவையாகத் தண்ணீர் துப்பாமல் ஒரே ஓட்டமாக வந்தது, கறுத்த தண்ணீர், போன வருஷத்துச் சேறெல்லாம் சேர்ந்து. இரண்டு நிமிஷம் விட்டு நெஸ்டர் நிறுத்தச் சொன்னார்.

“காஞ்சாச்சுல்ல?” என்றார் ஹார்லன்.

“இல்ல.”

மறுபடி ஊதினார்கள். தூவலாக வந்தது. “ஆச்சா?” என்றார் லியோனா. “இன்னும் இல்ல!” என்று நெஸ்டர் கத்தினார். ரொம்ப ஊதினாலும் ஆபத்து, தலைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் சூட்டில் உருகிவிடும். மூன்றாவது தடவை ஊதும்போது அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கடைசித் தலைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, உள்ளங்கையை மேலே பிடித்தார். குளிர்ந்த காற்று. கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பிடித்துப் பார்த்தார்.

“காஞ்சாச்சு” என்றார்.

ஹார்லன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். குனிந்தால் போதும், தானே பார்த்துவிடலாம். குனியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, “லியோனா, மூடு! காஞ்சாச்சுங்கறான்!” என்றார்.

நெஸ்டர் எழுந்து போய்ச் சிவப்பை நிறுத்திவிட்டு வந்தார். ஹார்லன் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“வியாழக்கிழம ஆறரைக்கு ஆட்டம். துடைப்பத்துக்குப் புதுத் தலை வாங்கி மாட்டு. பழசு கல்லுல படுது.”

சிவப்புக் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நெஸ்டர் அவசரமாகத் தன் வீட்டுப் பக்கம் போனார். அதை அவர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். கராஜுக்குள் அதன் பக்கத்தில் நின்று, கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.